ஒழுகாத கார்

பழைய கார் என்றால் ஒயில் ஒழுகத்தான் செய்யும், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குக்கூடக் காலையில் மூக்கு ஒழுகும். அதற்காக யாரும் என்னைத் தூக்கி எறியச் சொன்னதில்லை.

பள்ளிமுனையில் என் வீட்டுப் படலைக்குள்ளால் கார் நுழையாது. அதனால் அது பக்கத்து வீட்டு றெனால்டின் வாசலோரம் நிற்கும். அவர் அந்த வாசலுக்குப் புதிதாகக் கல் பதித்தார். அன்றிலிருந்து ஊரில் வேறு பிரச்சினையே இல்லாமல் போய்விட்டது. ஒழுக்கை நிறுத்த நான் கஸ்கட் மாற்றினேன், ஓட்டையில் சவர்க்காரம் அடைத்தேன், கீழே மீன் டின் வைத்தேன். டின்னுக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்தாலும், பூசை முடிந்து வருகிற சனத்தைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"அண்ணை, உங்கட கார் திரும்பவும் நனைச்சுப்போட்டுது. வயசு போனா ரெண்டு பேருக்கும் துணி கட்டத்தான் வேணும்."

சனம் சிரிக்கும். அவர் மனைவி செலீனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நானும் கூடச் சிரித்தேன். நான் பொறுமைசாலி, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவ்வளவு பகிடிக்குப் பிறகும் எங்காவது போவதென்றால் அதே காரைத்தான் இரவல் கேட்பார். நானும் கொடுப்பேன்.

போன மாதம் மடு மாதா கோயிலுக்குப் போகக் கேட்டார்.

"இந்த முறையாவது ஒழுகாமத் தாங்கோ அண்ணை."

கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே அயலவனுக்கு அழகு. காருக்கு அடியில் படுத்து நட்டைக் கழற்றி, எஞ்சினில் இருந்த ஒயில் முழுவதையும் வாளியில் இறக்கினேன். எங்கள் பக்கம் கழிவு ஒயிலை ஊற்றிவிடமாட்டோம். கறையான் அரிக்காமல் வேலிக் கட்டைகளுக்குப் பூசுவோம். வாளியை அவரிடமே கொடுத்தேன்.

"ஒயில் மாத்திப்போட்டியளோ? நல்லம்," என்று வாங்கி, பின்னேரமே தன் வேலிக்குப் பூசினார்.

பழையதை இறக்கியவன் புதியதை விட்டிருப்பான் என்று அவராகவே நினைத்தால் நான் என்ன செய்ய? ஒயில் இல்லாவிட்டால் எரியும் சிவப்பு லைற்றின் பல்பையும் கழற்றி வைத்தேன். ஓட்டுகிறவருக்கு வீண் பதற்றம் எதற்கு.

காலையில் செலீனாவும் மெழுகுதிரிகளோடு வந்து ஏறினார். அவரும் வருவார் என்று எனக்குத் தெரியாது. கதவை நான்தான் சாத்திவிட்டேன்.

"தம்பி, பழைய எஞ்சின், கொஞ்சம் சத்தம் போடும். நிப்பாட்டாதேங்கோ. தாம்போதி ரோட்டில நல்லா மிதிச்சுப் போங்கோ."

மிதித்துத்தான் போயிருக்கிறார். இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற அந்தத் தாம்போதியில் எஞ்சின் இறுகி, சில்லுகள் பூட்டிக்கொண்டு, கார் தண்ணீருக்குள் கவிழ்ந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒயில் இல்லாத எஞ்சின் அப்படித்தான் இறுகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இரண்டு சவப்பெட்டிகளுக்கும் தோள் கொடுத்தவனும் நான்தான்.

இதில் கோபம், பகை என்று ஒன்றையும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கார் இப்போது உங்கள் முற்றத்தில்தான் நிற்கிறது. உள்ளே வரும்போது குனிந்து பார்த்தேன், கீழே மண் காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்க றெனால்ட் இல்லையே என்பது ஒன்றுதான் என் கவலை.