ஒரு டிஸ்க்குக்கு மட்டும் இடம்

ஏழு மில்லிமீட்டர் தடிமனில் ஹார்ட் டிஸ்க் கிடைப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை, மேடம். கடையில் ஒன்பதரையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இரண்டரை மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்பார்கள். அந்த இரண்டரையில்தான் மூடி மூடாது, ஸ்க்ரூ பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள் நான். இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

தங்கைக்கு அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. உன் அறை குறுகல், வரைய மேசையில் இடம் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அது பொய்யில்லை. அதற்குள் ஒரு டிஸ்க்குக்கு மேல் வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. எனக்கு இன்னும் பாப்பாதான். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது, எனக்குப் பத்தொன்பது. எனக்கு வந்த இரண்டு வரன்களையும் அவளுக்காகவே வேண்டாம் என்றேன். இதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. பேச்சு வந்தால் மட்டும் சொல்வேன்.

அவள் பொம்மைப்படம் வரைகிறவள். ஒரு நிமிடப் படத்துக்கு எழுநூறு ஓவியம் வரைய வேண்டும். ஓர் ஒட்டகச்சிவிங்கி லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் கதை. வெளியூர் நிறுவனம் ஒன்று அதில் கொஞ்சம் பார்த்துவிட்டு, முடித்துக் கொண்டு வாருங்கள், வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தது.

முதல் டிஸ்க் தானாகத்தான் போனது. அதை என் தலையில் கட்டாதீர்கள். மூன்று நாள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று அழுதாள். அந்த மூன்று நாளும் வீடு, வீடாக இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து, மறுபடி முடிக்கும் தறுவாய்க்கு வந்தாள். ஒரு காலை அவள் குளிக்கப் போனபோது டிஸ்க்கைக் கழற்றி, அதே மாதிரி செத்த டிஸ்க் ஒன்றை மாட்டினேன். நான்கு ஸ்க்ரூ. அவள் தலை துவட்டி வருவதற்குள் வேலை முடிந்தது. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நான் எதையும் அழிக்கவில்லை. எடுத்ததைத் துணியில் சுற்றி, தேதி எழுதி, என் பீரோவில் பத்திரமாக வைத்தேன். அழிக்க எப்படி மனசு வரும், என் தங்கை வரைந்தது.

அதன்பிறகு புது டிஸ்க் தேடி நான் அலைந்த அலைச்சல் நிஜம். வெயிலில் ஏழு கடை ஏறி இறங்கினேன். அடுத்த முறை போனபோது கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, டிஸ்க்க வறுத்துச் சாப்பிடுறீங்களா?" நானும் சிரித்தேன். ஆறு வருடத்தில் அப்படி மூன்று முறை மாற்றினேன்.

வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள். "நெட்டுல போட்டா எவனாவது திருடித் தன் பேர்ல விட்டுடுவான் பாப்பா" என்றேன். பென் டிரைவில் வைரஸ் என்றேன். வீட்டிலேயே வைத்தியர் இருக்கும்போது யார் வெளியே போய் விசாரிப்பார்கள்?

அவள்தான் கொஞ்சம் மாறிப்போனாள். மேகம் கறுத்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டு, தான் வியர்வையில் உட்கார்ந்திருப்பாள். தான் இல்லாத நேரத்தில் டிஸ்க் போய்விடும் என்று வெளியே போவதை நிறுத்தினாள். தோழிகள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "என் கை பட்டாலே எதுவும் விளங்காதுக்கா" என்பாள். நான் மறுத்துப் பேசவில்லை. தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

இந்த மாதம் முதல் வாரம், மூன்றாவது டிஸ்க்கை எடுத்த மறுநாள், புதிது வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஒருமுறை தானே திறந்து பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சின்ன ஸ்க்ரூடிரைவரைத் தேடி என் பீரோவைத் திறந்திருக்கிறாள். நான் வந்தபோது தரையில் மூன்று டிஸ்க்கும் வரிசையாக இருந்தன.

"இது உன் கையெழுத்துதானேக்கா?"

"ஆமா பாப்பா."

"மூணும் நல்லா ஓடுது. போட்டுப் பாத்தேன்."

"பத்திரமாத்தானே வச்சிருந்தேன்."

அவள் மூன்றையும் பையில் போட்டாள். துணி எடுக்கத் தன் அறைக்குள் போனாள். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பிறகு ஒரு சங்கிலியும் வாங்கி மாட்டினேன். அந்த மனநிலையில் அவளைத் தெருவில் விட எந்த அக்காவுக்கு மனசு வரும்?

பதினோரு நாள். முதல் இரண்டு நாள் கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பிறகு சத்தமே இல்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று வேளையும் கதவை ஒரு சாண் திறந்து தட்டைத் தள்ளுவேன். தட்டு அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டம்மா, "தங்கச்சியக் கண்ணுலயே காணோமே?" என்று கேட்டார். "படம் முடிக்கிற மும்முரத்துல இருக்கா" என்றேன்.

அவள் அறையை ஒட்டிய குளியலறை ஜன்னலை முதல் நாளே அளந்து பார்த்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றினாலும் பதினோரு அங்குலம்தான். வளர்ந்த ஆள் நுழைய முடியாது. பத்து நாள் சாப்பிடாதவள் நுழைய முடியும் என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாவது மாடி. கீழே நின்ற வேனின் கூரைமேல் விழுந்ததால் உயிர் தப்பியது.

டிஸ்க்கை எடுத்தது நான். அவளைப் பூட்டி வைத்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். வலியில் சொல்லியிருப்பாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, ஆறு மாதம் எழுந்திருக்க முடியாது, பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் நீங்கள்தானே சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

சீக்கிரம் எழுதி முடியுங்கள் மேடம். பாப்பா அங்கே தனியாக இருப்பாள்.