இரண்டு விரல் இடைவெளி

எனக்குப் பல் நல்ல பல். நாற்பத்தோரு வயதாகிறது, பல்வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. கரும்பை இன்னும் பல்லால்தான் உரிக்கிறேன். பெருமாள்மலையில் நான் ஏன் ஜீப்பை விட்டு இறங்கினேன் என்று ஐயா மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். பல்வலி என்று சொல்லிவந்தேன். அது பொய். இனி எழுதப்போவதெல்லாம் உண்மை.

ஏட்டையா தானே எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மெதுவாகத்தான் வரும். ஆனாலும் என் காரியத்தை நானே எழுதுவதுதான் முறை.

கிளாவரையிலிருந்து கவுஞ்சிக்குக் கிழங்கு மூட்டை சுமப்பது என் தொழில். பதினாறு வயதில் தலையில் ஏறிய மூட்டை. அதில் கழுத்து ஒருபக்கமாக இறுகிவிட்டது. இடதுபக்கம் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவேன். அதனால் என் இடப்பக்கம் என்ன நடக்கிறது என்பதை நானாக ஊகித்துக்கொள்வது எனக்குப் பழகிப்போனது. பெரும்பாலும் சரியாகவே ஊகிப்பேன்.

சேனாதிபதி அண்ணன் கவுஞ்சியில் பூண்டும் கிழங்கும் போடுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்று, எஞ்சின் விரிசல் விட்டு, அவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடையக் கிடந்தது. நசுருதீன் பாய் கொடைக்கானல் பஜாரில் பிறந்தவர், வத்தலக்குண்டுப் பட்டறையில் பல வருஷம் கை கறுத்தவர். அறுபத்து மூன்றாம் வருஷம் மாசியில் மூன்று பேரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பாய்தான் ஆரம்பித்தார். ஒரு எஸ்டேட்டில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த டீசல் எஞ்சின் சும்மா கிடக்கிறது, அதை இதில் பூட்டினால் என்ன என்றார்.

"பம்புசெட்டு எஞ்சினா? ஓட்டுறப்ப தண்ணியும் ஊத்துமா பாய்?" என்றேன்.

"ஊத்தும்லே. உன் தலைக்குத்தான் மொதல்ல ஊத்தும்" என்றார் பாய்.

சேனாதிபதி அண்ணன் சிரிக்கவில்லை. என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே தங்கமுத்து, இது மட்டும் ஓடிருச்சுன்னு வையி, இனிமே உன் தலையில மூட்ட கெடையாது. கையில ஸ்டீரிங்குதான். நீதான் ஓட்டணும்" என்றார்.

ஐயா இந்தப் பேச்சை நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அவராகச் சொன்னது. நான் கேட்கவில்லை.

எஸ்டேட்டிலிருந்து எஞ்சினை ஆறு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்தோம். முன்கம்பு என் தோளில். கொட்டகையில் மூன்று தைலமரக் கம்புகளைக் கூம்பாக நட்டு, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, பழைய எஞ்சினை உருவினோம். புதியது ஒரு சாண் நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் கனத்த தகடு ஒன்றைக் கடைந்து வைத்துச் சேர்த்தார் பாய். கிழங்கு வேலை இல்லாத நாட்களில் மட்டும் செய்ததால் ஒன்றரை வருஷம் இழுத்தது. அந்த ஒன்றரை வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

எழுத்துக் கற்றதும் அங்கேதான். லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் பலகை படிக்கத் தெரிய வேண்டும் என்று சேனாதிபதி அண்ணன் சொன்னார். கழற்றி வைத்த பானெட்டைச் சுவரில் சாய்த்து, சாக்குக்கட்டியால் எழுதுவார். 'மெதுவாகச் செல்', 'வளைவு', 'ஒலி எழுப்பு'. அம்மா, ஆடு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் முதலில் எழுதிய வார்த்தை 'நில்'.

போன ஆவணியில் புகைக்குழாய் பூட்டினோம். அன்றைக்குப் பாய் என்னை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துக் காட்டினார்.

"பழைய எஞ்சினுக்குப் புகைக்கொழா அந்தப் பக்கம். இதுக்கு இந்தப் பக்கம். பிரேக் ஆயில் போற பைப்பும் கூடவே ஓடுது பாரு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வெரலு எடம் எப்பவும் இருக்கணும். சூடு பட்டா உள்ள ஆயில் கொதிச்சிரும். கொதிச்சிருச்சுன்னா மிதி தரையோட போயி ஒட்டிக்கும். அப்புறம் உங்க முருகனும் எங்க அல்லாவும் சேந்து இழுத்தாலும் நிக்காது."

"தினமும் வெரல விட்டுப் பாக்கணுமா பாய்?"

"ஓட்டுறவன் பாக்கணும். அதான் உன்கிட்டச் சொல்றேன்."

என் இரண்டு விரலை அவரே பிடித்து இடையில் நுழைத்துக் காட்டினார். விரல் தாராளமாக நுழைந்தது. கம்பி வைத்துப் பைப்பைச் சட்டத்தோடு கட்டியவன் நான்தான். நல்ல கட்டு.

அதற்குப் பிறகுதான் அவர்கள் மாறினார்கள்.

நான் கொட்டகைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பாய் சட்டென்று ஸ்பானரைத் தேடுவார். இரண்டு முறை என்னை விட்டுவிட்டுக் கொடைக்கானல் போய்வந்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு சோலி" என்றார் அண்ணன். பாய் குள்ளம். ஓட்டும் சீட்டை அவர் கால் எட்டும்படி முன்னால் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். என் கால் நீளம் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒருநாள் நான் போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது இடப்பக்கம் இருவரும் சிரித்தார்கள். உடம்போடு திரும்பிப் பார்ப்பதற்குள் நிறுத்திக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் வெள்ளனே போனேன். கொட்டகையில் யாரும் இல்லை. அண்ணனின் காக்கிக் கோட்டு ஆணியில் தொங்கியது. பையில் கை விட்டேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். உள்ளே ஒரு போட்டோ இருந்தது. ஏரிப் பக்கம் ஸ்டுடியோவில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்தது. நடுவில் நான் நின்றிருந்தேன். சட்டை இருந்தது, கை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

கூடவே இரண்டு தாள், குண்டூசி குத்தியது. முதல் தாளைப் படித்தேன். ஒரு உலை கொதிக்கும் நேரம் பிடித்தது. எஞ்சின் மாற்றிய விவரம் இருந்தது. உரிமையாளர் சேனாதிபதி என்றிருந்தது. ஓட்டுநர் நசுருதீன் என்றிருந்தது. இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தேன். தங்கமுத்து என்று எங்கும் இல்லை. இரண்டாவது தாளைப் படிக்கவில்லை. குண்டூசியைக் கழற்றினால் தெரிந்துபோகும். வெளியே பாயின் இருமலும் கேட்டது.

கேட்டிருக்கலாமே என்றீர்கள், ஐயா. கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அதனால் நான் கேட்கவில்லை. பத்தொன்பது நாள் வழக்கம்போல வேலை செய்தேன். சோறு அவர்களோடுதான் சாப்பிட்டேன்.

ஐப்பசி ஏழாம் தேதி முதல் ஓட்டம் என்று முடிவானது. பூம்பாறை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மலை இறங்கி அய்யம்பாளையம் போவதாகத் திட்டம். அண்ணனின் வீட்டுக்காரி சண்முகவள்ளி அங்கே தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். அவளையும் மூன்று மாதக் குழந்தையையும் கூட்டிவர வேண்டும்.

"கட்டாயம் வரணும்லே. வத்தலக்குண்டுல வேற ஒரு சோலி கெடக்கு. சட்டையத் தொவச்சுப் போட்டுக்கிட்டு வா" என்றார்.

எனக்கு அந்தச் சட்டை விஷயமும் பிடிபடவில்லை. எந்தச் சோலிக்கு என் சட்டை வெளுப்பாக இருக்க வேண்டும்? எங்கேயோ என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்று காலை அண்ணன் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுக்க வீட்டுக்குள் போனார். பாய் முகம் கழுவப் போனார். நான் எண்ணெய் துடைக்கிறேன் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். நான் கட்டிய கம்பியை நானே அவிழ்த்தேன். பைப்பை வளைத்துப் புகைக்குழாயோடு சேர்த்தேன். திரும்பவும் கட்டினேன். எதையும் அறுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. இரண்டு விரல் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது அந்த வண்டியில் கைக்குழந்தை இருக்கும். குழந்தை ஏறும் வண்டியில் அப்படி ஒன்று நடக்க எனக்கு மனசு வராது. இறங்கும்போதே முடிந்துவிட வேண்டும் என்று யோசித்துத்தான் பைப்பை நன்றாக ஒட்டவைத்தேன்.

எஞ்சின் மாற்றிய வண்டிக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பூட்டியவர் அத்தனை பேரும் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும். வழியில் ஒருவர் இறங்கினால் அந்த இடம் காலியாகப் போகக்கூடாது. காலி இடத்தில் வேறு எதுவோ வந்து உட்காரும் என்பார்கள். நான் இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவன் இல்லை. ஆனால் மீறியதும் இல்லை.

பூம்பாறையில் பானெட்டுக்குச் சந்தனம் வைத்தோம். பாயும் ஒரு பொட்டு வைத்தார். "என் எஞ்சினு, நான் வைக்காம யாரு வைப்பா" என்றார். அங்கிருந்து கொடைக்கானல் வரை ஏற்றம், பிரேக்குக்கு வேலை இல்லை. கொடைக்கானல் தாண்டி இறக்கம் தொடங்கியதும் நான் பாயின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் இடது ஓரம் உட்கார்ந்ததால் கழுத்துத் தொந்தரவு இல்லை. ஒவ்வொரு வளைவிலும் மிதி கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. ஒரு இடத்தில் இரண்டு தரம் மிதித்தார்.

"மிதி பஞ்சு மாதிரி இருக்கே" என்றார்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும் பாய்" என்றேன் நான்.

அவர் தலையாட்டினார். பல வருஷம் பட்டறையில் இருந்தவர். லைசென்ஸ் உள்ளவர். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெருமாள்மலையில் தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "இன்னைக்குத்தானாலே உனக்குப் பல்லு வலிக்கணும்? கொஞ்சம் பொறுத்துக்கிட்டு வாயேன், எனக்காக" என்றார். இரண்டு முறை கேட்டார். பாய் டீக்கடையில் கிராம்பு வாங்கிவந்து என் கையில் வைத்தார். நான் ஏறவில்லை.

என் இடம் காலியாக இருந்தது. பஸ்ஸுக்காக ஒரு பெண்பிள்ளை பேரிக்காய்க் கூடையோடு நின்றிருந்தாள். வேலுத்தாய் என்று பெயர், பின்னால்தான் தெரிந்தது. குளிரில் முக்காடு போட்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, வத்தலக்குண்டுக்குத்தான் போறாக. ஏறிக்க" என்றேன்.

"வேண்டாம்ணே, பஸ்ஸு வந்துரும்."

"பஸ்ஸு எப்ப வருமோ. வெரசாப் போய்ச் சேந்துருவ. ஏறு."

மறுபடியும் வேண்டாம் என்றாள். கூடையை நான் தூக்கி வைத்தேன். சுமை தூக்குவது என் தொழில். கூடை ஏறிவிட்டதால் அவளும் ஏறினாள். பெண்கள் குளிரில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. வழக்கமும் கெடவில்லை.

ஊத்து என்ற ஊரைத் தாண்டி மூன்றாவது வளைவில் நடந்தது உங்களுக்கே தெரியும். பாய் கைப்பிரேக்கை இழுத்தாராம், கருகிய வாடைதான் வந்ததாம். டீக்கடைக்கு லாரிக்காரன் வந்து சொன்னதும் அதே லாரியில் போனேன். பள்ளத்தில் இறங்க ஆள் இருந்தார்கள், சுமந்துகொண்டு ஏறத்தான் ஆள் இல்லை. சேனாதிபதி அண்ணனை நான்தான் தூக்கிவந்தேன். பிறகு இறங்கி வேலுத்தாயையும் தூக்கிவந்தேன். பாய், வண்டி முதல் தரம் புரண்டபோதே வெளியே விழுந்திருந்தார், அவருக்கு மட்டும் உயிர் இருந்தது. அவரையும் நான்தான் லாரியில் ஏற்றினேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நீ எறங்கிட்ட" என்றார். அன்று நான் செய்த உதவியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வேறு கதை சொல்வதாகச் சொன்னீர்கள். லைசென்ஸ் வரும்வரைக்கும்தான் அவர் பெயர் என்றாராம். இரண்டாவது தாள் எனக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிய மனு என்றாராம். போட்டோவில் வெட்டிய முகத்தை அதில் ஒட்டினார்களாம். வத்தலக்குண்டு சோலி என்பது என்னை அவர்களுக்குத் தெரிந்த அதிகாரி முன்னால் நிறுத்திக் கையெழுத்துப் போடவைப்பதாம். நான் பெயரெழுதக் கற்ற பிறகு போடும் முதல் கையெழுத்து அங்கேதான் என்று அண்ணன் ஆசைப்பட்டு, அதுவரை எனக்குத் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். கால் இரண்டும் போனவர், வலியில் என்னவும் சொல்வார்.

அந்தத் தாளை ஐயா மேசைமேல் எனக்கு நேராகத்தான் வைத்திருக்கிறீர்கள். காலையிலிருந்து இருக்கிறது. மேல்மூலையில் ஏதோ சின்னப் படம் ஒட்டியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. எடுத்துப் படி என்று மூன்று தரம் சொல்லிவிட்டீர்கள். அது மேசையின் இடப்பக்கம் இருக்கிறது, எனக்குக் கழுத்து திரும்பாது. படிக்கவும் நேரமாகும், உங்களுக்கும் வேலை இருக்கும்.

வண்டியில் பிரேக் போகும்படி செய்தவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாரும் என்னைத் தற்குறி என்று சொல்லிவிடக்கூடாது: நான் படித்துப் பார்த்துத்தான் செய்தேன்.