பதினேழாவது வண்டி

தம்பி: ஒம்பதாம் நாள் பக்கத்த விட்டுடலாம்க்கா.

அக்கா: விட்டா?

தம்பி: எட்டுக்கு அப்புறம் பத்து. அவ்வளவுதான்.

அக்கா: ஊர்ப் புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கிற வாத்தியார் பேசற பேச்சா இது? தலையில முடி போனதோட எண்ணிக்கையும் போயிடுச்சா?

தம்பி: வெளையாடாத. மெதுவா பேசு, கதவு தொறந்திருக்கு.

அக்கா: பட்டப்பகல்ல தையல் கடைக் கதவ சாத்தினா தெருவே வந்து எட்டிப் பாக்கும். நீ எழுது. நாலு மணிக்கு ரோட்டு என்ஜினியர் வந்துடுவாரு.

தம்பி: நோட்டப் பாத்து எழுதிட்டுதான இருக்கேன்...

அக்கா: இது எழுத்தா? கோழி கிளறின மாதிரி இருக்கு. அவரு என்ன சொல்லி அனுப்பினாரு? சும்மா வேகமா போறான் வேகமா போறான்னு வந்து நிக்காதீங்கம்மா, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும், பத்து நாள், ஒரு நாள் விடாம எழுதிட்டு வாங்க, அப்புறம் இருபது கிலோமீட்டருக்கு மேல போகாதேன்னு போர்டு வெக்கறதப் பத்திப் பேசலாம்னாரு. ஒரு நாள் விடாம.

தம்பி: ஒம்பதாம் நாள் மழைன்னு போட்டுடறேன்.

அக்கா: அன்னைக்கு மழையா பேஞ்சுது?

தம்பி: அதை யாரு நெனப்புல வெச்சிருக்கப் போறா?

அக்கா: அந்த நாள இந்தத் தெருவுல யாருடா மறப்பா? மழையா வெயிலான்னு பால் குடிக்கிற புள்ளகூட சொல்லும்.

தம்பி: அப்ப உனக்கு உடம்பு சரியில்லன்னு...

அக்கா: இரு. வருது.

தம்பி: என்ன வருது?

அக்கா: சத்தம் கேக்கல? கத்தரிக்கோலப் பிடி, மேஜை ஆடும்... பிடிடா... ம். போயிடுச்சு.

தம்பி: அது சும்மா ஒரு பைக்குக்கா. ஏன் இப்படி வெளுத்துப் போற?

அக்கா: எனக்கு எல்லாமே அந்த வேன் மாதிரிதான் கேக்குது. மிஷினை மிதிச்சா, அதுவே வேன் சத்தமாட்டம் இருக்கு. பத்தொம்பது நாளா ஒரு சட்டையக்கூட முழுசா தைக்கல. பக்கத்து வீட்டு நர்ஸ், என் பாவாடைக்கு நாடா கோக்க இவ்வளவு நாளான்னு கேட்டுட்டுப் போறா.

தம்பி: அந்த மேஜை டிராயர வேற ஏன் தொறந்து தொறந்து பாக்கற?

அக்கா: ஊசி இருக்கான்னு பாத்தேன்.

தம்பி: ஊசி உன் சட்டையில குத்தியிருக்கு.

அக்கா: சரி, விடு. கையெழுத்து எத்தனை ஆச்சு?

தம்பி: தொண்ணூத்தி நாலு. முன்னாடி வெறும் பதினொன்னு. வீடு வீடா நடந்தோமே, கதவக்கூடத் தொறக்கல. இப்ப அவங்களே தேடி வந்து போட்டாங்க.

அக்கா: அதச் சொல்லாத. ஒரு புள்ள அடிபட்டுக் கெடந்தாத்தான் பேனாவத் தொடுவாங்களா?

தம்பி: நாமளும் அதைத்தான சொல்லிக் கேட்டோம்...

அக்கா: ஆமா. கேட்டோம். அதான் சோறு எறங்க மாட்டேங்குது. பெயிண்டர் அண்ணன் பாதி நேரம் மகளோட ஆஸ்பத்திரி, மீதி நேரம் நமக்காக போர்டு எழுதறாரு. இன்னைக்கு என்ஜினியர்கிட்ட காட்டறதுக்குக் கொண்டாறேன்னாரு.

தம்பி: இன்னைக்கா? இங்கயா வர்றாரு?

அக்கா: பின்ன, வேற எங்க வருவாரு? எதுத்த வீடுதான.

தம்பி: அப்ப நோட்ட உள்ள வை. முதல்ல உள்ள வை.

அக்கா: அந்த டப்பாவையும் மூடு. பாக்க முடியல.

தம்பி: எந்த டப்பா... ஓ. வெட்டுத் துண்டா?

அக்கா: பாப்பாவுக்கு சேத்தது. பொம்மைக்கு சட்டை தைப்பா. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவங்க வாசல்ல நிப்பா. இங்க இருந்து நான் ஒரு துண்டத் தூக்கினா போதும், மூக்குல வேர்த்துடும் அவளுக்கு. அத்தை, எனக்கா, எனக்கான்னு...

தம்பி: அழாதக்கா. யாராவது வந்துடப் போறாங்க.

அக்கா: நேத்து அந்த வேன் போச்சு.

தம்பி: எந்த வேன்?

அக்கா: எந்த வேன்னு கேக்கறியா நீ?

தம்பி: நெசமாவா?

அக்கா: அஞ்சே கால். அதே வெள்ளை வேன். முன்னால ஒடஞ்ச வெளக்க மாத்திட்டான். புதுசா பளபளன்னு இருக்கு. நான் திரைக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டேன். அடிச்சவன் நிமிந்து போறான், நான் ஒளியறேன். என்ன பொழப்பு இது?

தம்பி: மெதுவாவா போனான்?

அக்கா: அதே வேகம். மூலையில அந்த ரெட்டைப் புள்ளைங்க பந்து வெச்சிட்டு நின்னுச்சு. அடுத்தது அதுங்கள்ல ஒன்னா இருந்தா? சொல்லு. நம்பர் நம்மகிட்ட இருக்கு. ஒம்பதாம் நாள், பதினேழாவது வரி, உன் கையெழுத்து. கம்பத்துக்குக் கம்பம் நாற்பது மீட்டரு, ரெண்டு புள்ளி ஆறு செகண்ட்.

தம்பி: அம்பத்தஞ்சு கிலோமீட்டர்.

அக்கா: இப்ப மட்டும் கணக்கு கரெக்டா வருது.

தம்பி: என்னை என்ன பண்ணச் சொல்ற? நான் ரெண்டாவது கம்பத்துல நின்னு போன்ல ஓடற செகண்டையே பாத்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டுது. நிமிந்தேன். அவன் பிரேக்கே போடல, என்னைத் தாண்டிப் போறான். என் கை நேரத்த அமுக்குது, நம்பர எழுதுது. எழுதி முடிச்சுட்டுத்தான்... அதுக்கப்புறம்தான்க்கா ரோட்டப் பாத்தேன். அவ கெடக்கறா. நான் நம்பர் எழுதிட்டு இருந்திருக்கேன்.

அக்கா: சரிடா. சரி.

தம்பி: நான் மனுஷனா?

அக்கா: எட்டு நாள் பழகின கை. அது பாட்டுக்கு எழுதிடுச்சு. அதுக்கு உன்னை யாரும் தூக்குல போட மாட்டாங்க. அத மறைச்சோம் பாரு, அதுக்குத்தான்...

தம்பி: போலீஸ்கிட்ட யாரு சொன்னா, நாங்க உள்ள இருந்தோம், சத்தம் கேட்டுத்தான் வந்தோம், வெள்ளை வேன் போறது மட்டும் தெரிஞ்சுதுன்னு?

அக்கா: நான்தான்.

தம்பி: கேக்கறதுக்கு முன்னாடியே சொன்ன.

அக்கா: வாயில வந்துடுச்சு. எல்லாரும் வீட்டுக்குள்ள டிவி பாத்துட்டு இருந்தாங்க, நம்மள ஒருத்தரும் பாக்கலன்னு தெரிஞ்சுது. அந்த நொடியில அதுதான் வந்துது. நீயும் தலையாட்டின.

தம்பி: நீ சொல்லிட்டியேன்னு ஆட்டினேன்.

அக்கா: அடுத்த நாள் தெருவே நம்மகூட வந்து நின்னுது, நியாபகம் இருக்கா? பத்தாம் நாள முடிச்சுடுங்க, நாங்க இருக்கோம்னு. நான் துணியத் தொட மாட்டேன்னுட்டேன். மொத கம்பத்துல நர்ஸ்தான் நின்னா, வண்டி தாண்டறப்ப அவதான் வேற ஒரு துணிய உனக்கு ஆட்டிக் காட்டினா.

தம்பி: கை வலின்னு சொன்ன.

அக்கா: கை வலிதான்.

தம்பி: இங்க பாருக்கா. நம்பரக் குடுத்தா எங்க இருந்து வந்துதும்பாங்க. எழுதினோம்னா, ஏன் மறைச்சீங்கம்பாங்க. அப்புறம் அங்க என்ன நடந்துதுன்னு ஒன்னொன்னா கேப்பாங்க. உன்னால பதில் சொல்ல முடியுமா? பெயிண்டர் அண்ணன் மூஞ்சியப் பாத்து?

அக்கா: முடியாது.

தம்பி: அவ்வளவுதான். வாய மூடிட்டு இருப்போம். போர்டு வரட்டும். போர்டு வந்துட்டா வேன்காரன் தன்னால மெதுவா போவான்.

அக்கா: போர்டப் பாத்து பயப்படற ஆளா அவன்?

தம்பி: பயப்படணும்னு வேண்டிக்க.

அக்கா: நான் என்ன வேண்டிக்கறேன்னு உனக்குத் தெரியாது. பாப்பா கண்ணத் தொறக்கணும்னு வேண்டிக்கறேன்... தொறந்துடுவாளோன்னு பயமாவும் இருக்கு. ஒரு பொம்பள இப்படி நெனப்பாளா? நெனக்கறேன்டா.

தம்பி: அவளுக்கு ஒன்னும் நியாபகம் இருக்காது. தலையில அடிபட்டா அப்படித்தான்னு டாக்டர் சொன்னாராம்.

அக்கா: கடைசியா அவ பாத்தது என் மூஞ்சியத்தான். சிரிச்சுட்டே பாத்தா.

தம்பி: அக்கா, போதும்... வாசல்ல யாரோ...

பெயிண்டர்: தங்கச்சி, கொஞ்சம் தள்ளு, தள்ளு. பெயிண்ட் காயல. துணியெல்லாம் எடு, பட்டுடப் போவுது.

அக்கா: வாங்கண்ணே... அந்த செவுத்துல சாத்துங்க.

பெயிண்டர்: எப்படி இருக்கு? நேத்து ஒரு கை அடிச்சேன், மனசு கேக்கல, இன்னைக்கு இன்னொரு கை அடிச்சேன். வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. ரெண்டு கொஞ்சம் சாஞ்சிருக்கோ?

தம்பி: இல்லண்ணே. நேராத்தான் இருக்கு.

பெயிண்டர்: சைபர ரெண்டு தடவ அழிச்சேன். முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கிற கை, ஒரு சைபர் வட்டமா வரல.

அக்கா: உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க.

பெயிண்டர்: உக்கார நேரமில்ல. ஆஸ்பத்திரிக்கு ஓடணும். போலீஸ் ஸ்டேஷன் போயிட்டுத்தான் வர்றேன். வெள்ளை வேன்னு மட்டும் சொன்னா ஊருல ஆயிரம் இருக்கு, நம்பர் கொண்டாங்கன்னு அதையே திரும்பத் திரும்ப சொல்றாங்க. நான் எங்க போவேன் நம்பருக்கு?

தம்பி: ஆமாண்ணே... கஷ்டம்தான்.

பெயிண்டர்: நானும் வேலைக்குப் போற எடத்துல எல்லாம் வெள்ளை வேனக் கண்டா பின்னாலயே ஓடறேன். நேத்து ஒருத்தன் அடிக்கவே வந்துட்டான். பாவம், பூச்செடி விக்கிறவன்.

அக்கா: அண்ணே...

பெயிண்டர்: உங்களச் சொல்லல தங்கச்சி. ஆனா அப்பப்ப தோணுது. எட்டு நாளு ரெண்டு பேரும் கம்பத்துக்குக் கம்பம் காவல் நின்னீங்க. அன்னைக்கு மட்டும் நின்னிருந்தா நம்பரும் கெடச்சிருக்கும், புள்ளையையும் ஒரு சத்தம் போட்டு நிறுத்தியிருப்பீங்க. என் நேரம், அன்னைக்குன்னு பாத்து உள்ள இருந்தீங்க.

தம்பி: அவசரத் தையல்ணே... ஒரு கல்யாணச் சட்டை...

பெயிண்டர்: அட, நான் கணக்கா கேக்கறேன்? தலையெழுத்து. அதச் சொல்ல வரல. சந்தோஷமா ஒன்னு சொல்லத்தான் வந்தேன். பெயிண்ட் வாசனையில மறந்தே போயிட்டேன் பாரு.

அக்கா: என்னண்ணே?

பெயிண்டர்: பாப்பா கண்ணத் தொறந்துட்டா.

அக்கா: எப்ப?

பெயிண்டர்: காலையில. நான் பக்கத்துல உக்காந்து தூங்கி வழியறேன். அப்பான்னு ஒரு குரல். கனவுன்னு நெனச்சேன். என்னைப் பாத்து என்ன சொன்னா தெரியுமா? அப்பா, உன் மூக்குல பெயிண்டு இருக்குன்னா. தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவக் கட்டிப் பிடிச்சு அழுதேன். அந்தம்மா பயந்தே போச்சு.

தம்பி: நல்ல சேதிண்ணே. ரொம்ப நல்ல சேதி. அக்கா, கேட்டியா... உக்காருக்கா.

பெயிண்டர்: ஏன்மா மூஞ்சியப் பொத்திக்கற? அழு, அழு. நானும் அப்படித்தான் அழுதேன். உன் மேல அவளுக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா? என் மூக்குக்கு அடுத்து உன்னைத்தான் கேட்டா.

அக்கா: என்ன... கேட்டா?

பெயிண்டர்: அதுதான் சிரிப்பு. மருந்து மயக்கத்துல என்னென்னமோ பேசறா. அத்தை செவப்புத் துணியத் தூக்கிக் காட்டி என்னைக் கூப்பிட்டாங்கப்பா, நான் வாங்கறதுக்குள்ள விழுந்துட்டேன், அதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொல்லுங்கறா. அத்தை அன்னைக்கு வெளியவே வரலடா கண்ணுன்னு சொன்னா, இல்ல, கூப்பிட்டாங்கன்னு ஒரே அடம்.

தம்பி: மயக்கத்துல அப்படித்தாண்ணே... டாக்டர்கூட...

பெயிண்டர்: ஆமா, டாக்டரும் அதான் சொன்னாரு. நான் ஏன் அதோட சண்டை போடணும்? ஏதாவது ஒரு செவப்புத் துண்டு இருந்தா குடும்மா. அதுதான்னு சொல்லி கையில வெச்சுடறேன். நிம்மதியா தூங்குவா.

தம்பி: டப்பாவுல இருக்கும்ணே. நான் எடுத்துத் தர்றேன். அக்கா, நீ எந்திரிக்காத... அக்கா, அந்த டிராயர எதுக்கு... நோட்ட எடுக்காத... அக்கா.

அக்கா: டப்பாவுல இல்லண்ணே. பத்தொம்பது நாளா இந்த டிராயருக்குள்ள கெடக்கு... இந்தாங்க. பாப்பா மயக்கத்துல பேசல, இதுதான் அவ பாத்த துணி. நான் உள்ள இல்ல. மொத கம்பத்துல நின்னு, வேன் தாண்டுதுன்னு இவனுக்கு ஆட்டினேன்... உங்க வாசல்ல நின்ன புள்ள, தனக்குன்னு நெனச்சு சிரிச்சுட்டே ஓடி வந்துட்டா. இது நோட்டு. ஒம்பதாம் நாள், பதினேழாவது வரியில அந்த நம்பர் இருக்கு. மொத அத ஸ்டேஷன்ல குடுங்க. அப்புறம் என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க.