மாமனாரின் பித்தப்பை

எனக்கும் என் மாமனாருக்கும் எந்த மனத்தாங்கலும் கிடையாது. விசாரணைக் குழு அதை முதலில் குறித்துக்கொண்டால் நல்லது.

அவர் ஸ்கேன் டாக்டர். நான் செயற்கை வயிறு செய்கிறவன். பசையைக் காய்ச்சி, கரித்தூள் கலந்து, ஈரலும் பித்தப்பையும் வார்த்துப் பெட்டியில் அடைப்பேன். மாணவர்கள் ஆள்மேல் கைவைக்கும் முன் அதில் ஸ்கேன் பழகுவார்கள். மாமனார் "அசல் மாதிரி இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாக் கல்லூரியும் வாங்கும். அவரோ கருவியை வைத்த கையோடு, "மாப்ள, இது சோப்புக்கட்டி" என்பார். கல்யாண வீடுகளிலும், "நம்ம மாப்ள சோப்பு காய்ச்சுறாரு" என்பார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு வலிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

பிறகு பித்தக்கல்லோடு ஒரு வயிறு செய்தேன். ஸ்கேனில் கல்லுக்குப் பின்னால் நிழல் விழ வேண்டும். மாமியார் உடைத்த சாஸரை நொறுக்கிப் போட்டு, மாமனார் இல்லாத நேரத்தில் அவருடைய மெஷினிலேயே பார்த்தேன், கச்சிதமாக விழுந்தது. அந்தச் சமயம் பார்த்து மாமனாருக்கு வயிறு உப்பிக்கொண்டது. உதவியாளர் லீவு.

"மாப்ள, நீங்களே கொஞ்சம் பாத்துடுங்க" என்று படுத்தார்.

பார்த்தேன். வெறும் வாயு. அவர் வயிற்றைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்வதற்குள், என் பெட்டியின் படத்தை அவர் பெயரில் திரையில் ஏற்றிவைத்தேன். சோதனை நடப்பது சோதிக்கப்படுகிறவருக்குத் தெரியக் கூடாது. விஞ்ஞானத்தில் அது அரிச்சுவடி.

"இவ்வளவு கல்லா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நிழலப் பாருங்க மாப்ள, எவ்ளோ தெளிவா இருக்கு."

என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. அவர் என் தோளைத் தட்டி, "அழாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மனிதர் பேச்சை மாற்றிவிடுவார். தவிர, சர்ஜனின் கருத்தும் தெரிந்தால் தேவலை என்று தோன்றியது. சர்ஜனும் படத்தைப் பார்த்து மறுபேச்சில்லாமல் நம்பினார். ஸ்ட்ரெச்சர் நகரும்போது உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பித்தப்பையை எடுத்தார்கள். கல் எங்கே என்று சர்ஜன் வெளியே வந்து கேட்டபோது, பெட்டியைத் திறந்து காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி, பித்தப்பை இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள். மாமனாரும் இளைத்து, பார்க்க லட்சணமாக இருக்கிறார். மனைவிதான் பேசுவதில்லை.

நேற்று புதிதாக ஓர் இதயம் வார்த்து அவரிடம் எடுத்துப்போனேன். கருவியைக்கூடத் தொடாமல், "அசல்தான் மாப்ள, அசலேதான்" என்று சுவரோரமாக நகர்ந்துகொண்டார்.

சோதிக்காமல் சொல்கிற வார்த்தையை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?