பின் இருக்கையின் மதிப்பெண்

அந்த நாற்காலியில் இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை வைத்தால் நீங்கள் இன்னும் நன்றாக உட்காரலாம், ஐயா. காலையிலிருந்து நான்கு முறை நெளிந்துவிட்டீர்கள். தவறாக நினைக்காதீர்கள், பார்த்துப் பழகிவிட்டது. உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை.

எங்கள் நிறுவனம் குடும்பங்களுக்கான மின்சாரக் கார் தயாரிக்கிறது. ஏழு பேர் போகக்கூடிய உயரமான கார். அதன் சஸ்பென்ஷனை, அதாவது சாலையின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, சரிசெய்கிறவன் நான். பேட்டரி மட்டும் அரை டன். அதைத் தாங்க ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியானால் பின்னால் இருப்பவர்களின் தலை ஆடும். என்ஜின் சத்தம் இல்லாததால் சின்னத் தட்டல் கூடக் காதில் விழும். எங்கோ நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அலுவலகத்தில் என்னை ‘மெத்தை’ என்று கூப்பிடுவார்கள். என் மனைவி காதில் அது விழுந்த நாளிலிருந்து வீட்டிலும் அதே பெயர்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் வெளிவராத காரைச் சனி, ஞாயிறுகளில் வீட்டுக்கு எடுத்துப்போய், சொந்தக் குடும்பத்தைப் பின்னால் உட்காரவைத்து ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் அவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் சொல்வார்கள். என்ன மேடு என்று நாம் சொல்லக் கூடாது, சொன்னால் மார்க் மாறிவிடும். ஸ்பிரிங்கைக் கெட்டியாகவும் தளர்வாகவும் மூன்று விதமாக அமைத்து, மூன்றையும் ஒரே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடு மாறினால் ஒப்பீடு செல்லாது.

அப்போது என் மனைவிக்குப் பிரசவமாகி ஆறு வாரம். வயிற்றில் தையல். தும்மல் வந்தால்கூட என் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் மகளோ காரில் மட்டும்தான் பகலில் தூங்குவாள். நான் மென்மையாகப் போட்டுவைத்திருந்த அமைப்பு தலைமைப் பொறியாளருக்குப் பிடிக்கவில்லை. “திங்கட்கிழமை வரைக்கும்தான் டைம், மெத்தை. அதுக்குள்ள நல்ல மார்க் காட்டலைன்னா கெட்டியானதையே போட்டு மூடிடுவேன்” என்றார். பிள்ளை பெற்ற எத்தனை பெண்கள் அந்தக் காரில் உட்காரப்போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

சனிக்கிழமை மூன்று மணி இருக்கும். லேசான தூறல். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் அந்தச் சாலையில் விடுமுறை நாளில் ஆள் நடமாட்டம் இருக்காது. குழந்தை தூங்குவதற்காகப் பின் ஜன்னல்களில் எல்லாம் வெயில் மறைப்பை இழுத்துவிட்டு, மனைவி குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதல் தடவை, சாலையில் கிடந்ததைச் சுருட்டிப் போட்ட தார்ப்பாய் என்றுதான் நினைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் கிடங்குக் காவலாளி என்பதும், சைக்கிள் வழுக்கி விழுந்து மழைக்கோட்டோடு எழ முடியாமல் கிடந்தார் என்பதும் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். இடது சக்கரங்கள் ஏறி இறங்கின.

“ஏழு” என்றாள். “ஆனா வயித்துல இழுக்குது. என்ன மேடு அது?”

“சொல்லக் கூடாதும்மா.”

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தார்ப்பாய்க்கு முகம் இருந்தது.

ஏன் நிற்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். நின்றால் அவள் மழையில் இறங்குவாள், தையல் பிரியும், குழந்தை விழித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் பிறகு யோசித்தவை. அந்த நிமிடம் நான் யோசித்தது வேறு. எங்கள் சோதனைத் தடத்தில் இருப்பவை எல்லாம் சிமெண்ட் மேடுகள். ஓரம் மெத்தென்று, உள்ளே கெட்டியாக, இப்படி ஒன்று அங்கே கிடையாது. தொடையின் மேல் போனபோது பின் சக்கரத்தில் வந்த அந்த இரண்டாவது அதிர்வைத்தான் நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாலை முனையில் திரும்பி, காரின் திரையில் ஸ்பிரிங் அமைப்பை ஒரு படி தளர்த்தினேன்.

“என்ன மெத்தை, வழி தெரியாம சுத்தறியா?”

“ஒரே மேடு, மூணு தடவை. ரூல்ஸ்.”

“உன் ரூல்ஸைத் தூக்கி அடுப்புல போடு. சரி சரி, ஓட்டு. குட்டி நல்லாத் தூங்குது.”

இரண்டாவது தடவை அவர் ஒரு கையைத் தூக்கினார். நிறுத்தச் சொல்கிறார் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வேகம் மாறினால் ஒப்பீடு செல்லாது என்பதால் இருபத்தைந்திலேயே வைத்திருந்தேன். அவர் நகர முயன்றிருந்ததால், சக்கரம் இந்த முறை மார்பின் மேல் ஏறியது. முதல் தடவையோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை.

“எட்டரை. பரவாயில்லையே!”

மூன்றாவது தடவை கை தூக்கவில்லை.

தாளில் மூன்று எண்களையும் எழுதினேன். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் விளையாட்டாக ஒரு சிரிக்கும் முகமும் வரைந்தாள். திங்கட்கிழமை தலைமைப் பொறியாளர் பின் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வந்து, கை கொடுத்தார். இன்று விற்பனையில் இருக்கும் ஒவ்வொரு காரிலும் அந்த மூன்றாவது அமைப்புதான் ஓடுகிறது. உங்கள் அலுவலக வாசலில்கூட ஒன்று நிற்கிறது, பார்த்தேன். அந்த அமைப்பை மாற்றச் சொல்லி நீங்கள் நிறுவனத்துக்கு எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நேற்று மாலை என் மனைவி வந்தாள். அதற்குள் நீங்கள் அவளிடம் அந்தத் தாளைக் காட்டியிருந்தீர்கள். குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பார்வையாளர் அறையில் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஏன் செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மூணாவது தடவை நான் எத்தனை போட்டேன்? எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. தாள்ல அந்த நம்பரைப் பாக்க தைரியம் வரலை.”

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. “பத்து” என்றேன்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவ்வளவு அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அருகே குனிந்து, எங்கள் தொழிலில் இதுவரை யாரும் பத்து வாங்கியதில்லை என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.