விதிக்கு உட்பட்ட உடை

நீச்சலுடை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், ஐயா. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கண்ணுக்குத் தெரிவது அதுதானே. பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உடையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவேன். அங்கே சின்னதாக ஓர் அங்கீகார முத்திரை இருக்கும். அது இல்லாவிட்டால் தங்க இழையில் தைத்திருந்தாலும் ஏரியிலோ கடலிலோ பந்தயத்துக்கு இறங்க விடமாட்டார்கள். கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, கணுக்காலுக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர் ரொம்பவும் குளிர்ந்திருந்தால் தடித்த ரப்பர் உடை கட்டாயம். வெதுவெதுப்பாக இருந்தால் அதற்குத் தடை. இரண்டுக்கும் நடுவே இருந்தால் ரப்பரா துணியா என்பது நீந்துகிறவரின் விருப்பம்.

என் தங்கை விஷயத்தில் அது என் விருப்பமாக இருந்தது.

வீட்டில் அவளுக்குத் தவளை என்று பெயர். குளியலறைத் தொட்டியிலிருந்து அவளை வெளியே எடுப்பதற்குள் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும். நீச்சல் குளத்தில் அவள்தான் வேகம். ஏரியிலும் கடலிலும் நான். அலையும் இழுப்பும் பக்கத்தில் வருகிறவளின் முழங்கை இடியும் தாங்க அவளுக்குப் பொறுமை கிடையாது. "அக்காவை ஏரியில முந்த முடியாதுடி" என்று அப்பா சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அணித் தேர்வுக்கு ஓர் ஏரிப் பந்தயம் நடந்தது. இருந்தது ஒரே இடம். சோதனை மேசையில் இருந்த பெண்மணி என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முத்திரையைப் பார்த்தார். "இந்த மாடலுக்கு அனுமதி முடிஞ்சு போச்சும்மா. வேற வச்சிருக்கியா?" என்றார். என்னிடம் வேறு இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்து தங்கை நீந்துவதைப் பார்த்தேன். அவள் தேர்வானாள். முதலில் கட்டிப்பிடித்தது நான்தான். ஈரத்தோடு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த தேர்வு வருவதற்குள் என் தோள்பட்டை போய்விட்டது. விளையாட்டுப் பொருட்கள் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வந்தது அவளுக்கு வரக் கூடாது என்று அனுமதிப் பட்டியலை ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் பார்ப்பேன். அதன் பிறகு தவளை போட்ட ஒவ்வோர் உடையும் நான் பார்த்து எடுத்தது. "அதெல்லாம் அக்கா டிபார்ட்மென்ட்" என்று எல்லோரிடமும் சொல்வாள். முத்திரையைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

போன கோடையில் எங்கள் பழைய பயிற்சியாளர் பேத்திக்கு நீச்சல் கண்ணாடி வாங்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "இப்ப ஊருக்கே உடை பார்த்துக் குடுக்கறே. அன்னைக்கு மட்டும் ஏம்மா அப்படி அடம் பிடிச்சே?" என்றார்.

"என்ன அடம், சார்?"

"பட்டியல் மாறிடுச்சுன்னு முந்தின நாளே உன் தங்கச்சிகிட்ட சொல்லி, உனக்குப் புது உடையும் குடுத்து விட்டேனே. பழசுதான் எனக்கு ராசின்னு நீ திருப்பி அனுப்பிட்டதா சொன்னாளே."

கண்ணாடிக்குப் பில் போட்டேன். பேத்தியின் தலைக்குப் பட்டை பெரிதாக இருக்கும் என்று சுருக்கியும் கொடுத்தேன்.

அவளுக்கு நான் ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் இல்லை. அன்று சாயங்காலம் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "தவளே, அந்தத் தேர்வு சமயத்துல என் உடையைப் பத்தி கோச் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லையேக்கா. ஏன் பழசைக் கிளறுறே?" என்று சொல்லி ஒரு சுளையை என் வாயருகே நீட்டினாள். வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அறுத்தவள் அதன் பிறகும் ஒரே அறையில் படுத்து, போர்வை பத்தவில்லை என்று நம் போர்வையை இழுத்துக்கொள்வாள் என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்த ஏரிப் பந்தயத்தன்று தண்ணீர் குளிருக்கும் வெதுவெதுப்புக்கும் நடுவே இருந்தது. அவளுக்கு நெஞ்சில் சளி. கொஞ்ச நாளாகவே இருமல். மற்றப் பெண்கள் பெரும்பாலும் ரப்பர் உடையை எடுத்தார்கள். "எதைப் போடட்டும்க்கா?" என்றாள். "துணியே போடு. ரப்பர் தோளைப் பிடிக்கும்" என்றேன். அவளுடைய வழக்கமான அளவைவிடச் சிறியதைக் கொண்டுவந்திருந்தேன். முத்திரை இருந்தது. அளவைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது, ஐயா, நீங்கள் படித்துப் பார்க்கலாம். உடை மாற்றும் அறையில் நான்தான் முட்டி போட்டு உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக ஏற்றிவிட்டேன்.

"மூச்சு முட்டுதுக்கா."

"புதுசு அப்படித்தான் இருக்கும். தண்ணி பட்டா இளகிடும்."

அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சாது. அதனால் இளகாது. அதற்காகத்தான் அதைப் பந்தயத்துக்கு எடுப்பதே. "நீ சொன்னா சரி" என்று சிரித்துவிட்டுப் போனாள். சோதனை மேசையில் முத்திரையைப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

நெடுந்தூரம் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைப் படகு. எங்கள் படகில் படகோட்டியும் நானும். பாதி ஏரி தாண்டியதும் அவள் கைவீச்சு சுருங்கிவிட்டது. பிறகு நின்றாள். கையைத் தூக்கினாள்.

படகோட்டி நல்ல மனிதர். "உதவி கேக்கறாங்கம்மா, கிட்டப் போகட்டுமா?" என்றார்.

"வேண்டாம். படகைத் தொட்டுட்டா பந்தயத்துலேர்ந்து நீக்கிடுவாங்க. எனக்குக் கை காட்டுறா, எப்பவும் செய்வா" என்றேன். நானும் பதிலுக்குக் கையசைத்தேன்.

அவர் இரண்டாம் தடவை கேட்கும்போது அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

தன் தவறு என்று அந்த மனிதர் உங்கள் ஸ்டேஷனில் சாப்பிடாமல் கிடக்கிறாராம். அதனால்தான் நானே வந்தேன். அவரை அனுப்பிவிடுங்கள், செய்தது முழுக்க நான்தான். ஆனால் அவரிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம். அவள் என்னைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினாள். பொய் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.