ஜெயிலர் படிப்பு

"என் தங்கச்சி சங்கிலிய வித்த காசுக்கு ஒரு ஆடு வாங்கியிருந்தா, இந்நேரம் குட்டியாவது போட்டிருக்கும்."

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் பஸ் பதுளையில் புறப்படக் காத்திருந்தது. முன்சீட்டில் மச்சானும், அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையும். மாப்பிள்ளையின் மடியில், மகன் ஜெயிலர் வேலைக்குப் படித்துத் தேறிய சான்றிதழ், கண்ணாடி பிரேம் போட்டு.

"வேலை கெடைச்சா மாசம் இருநூறு ரூபா வரும் மச்சான். ரெண்டே வருசத்துல படிப்புக்கு வாங்குன கடை மொதலாளி கடன் முடிஞ்சிரும்."

"கெடைச்சாத்தானே! கவர்மெண்டு கச்சேரியில இதக் காட்டுனீங்களே, அந்த ஐயா என்ன சொன்னாரு?"

"பிரேம் எங்க போட்டதுன்னு கேட்டாரு. பெறகு, பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாம விண்ணப்பத்தையே வாங்க முடியாதுன்னுட்டாரு."

"அதுக்கு எழுதிப் போட்டு ஒம்பது வருசமாச்சு, வந்துச்சா? கடன் குடுத்த மொதலாளி அந்தப் பத்திரத்தக் கேட்டாரா? காசு வாங்கிப் படிப்பு சொல்லிக்குடுத்தவன் கேட்டானா?"

"இல்ல."

"நாளைக்குக் கடன் கட்டலன்னு ஒங்க மகனத் தூக்கி ஜெயிலுக்குள்ள போட்டாலும் எவனும் அந்தப் பத்திரத்தக் கேக்க மாட்டான் மாப்ள. ஜெயில் சாவியக் கையில குடுக்கத்தான் பத்திரம் கேப்பாங்க."